சாலை விபத்தில் காயமடைந்தவர் இழப்பீடு பெறுவது எப்படி: அவசரப் பிரிவு முதல் தீர்ப்பாயம் வரை

விபத்தில் அடிபட்டவரை மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குள் கொண்டுசென்றதும், பணியில் இருக்கும் மருத்துவர் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று "எப்படி அடிபட்டது?" என்பதாகும். உடன் வந்தவர் பதற்றத்தில் "பைக்கிலிருந்து விழுந்துவிட்டார்" என்று சொல்ல, மருத்துவர் அதை அப்படியே விபத்துப் பதிவேட்டில் எழுதிவிடுகிறார். பின்னால் வந்த லாரி இடித்ததால்தான் விழுந்தார் என்ற செய்தி அங்கே விடுபட்டுப் போகிறது. இரண்டு ஆண்டுகள் கழித்து, விபத்து இழப்பீட்டை முடிவு செய்யும் தீர்ப்பாயத்தில் லாரியின் காப்பீட்டு நிறுவன வழக்கறிஞர் எழுந்து, "இவர் தானாகச் சறுக்கி விழுந்தவர், எங்கள் வண்டிக்கும் இதற்கும் தொடர்பில்லை" என்று வாதிடும்போது அவர் கையில் இருக்கும் முதல் சான்று அந்த ஒற்றை வரிதான். ஆகவே, வழக்கு அவசரப் பிரிவிலேயே தொடங்கிவிட்டது என்று எண்ணிக்கொண்டு செயல்படுவது நல்லது.

தமிழ்நாட்டில் மோட்டார் வாகன விபத்தில் காயமடைந்து உயிர் பிழைத்தவர்களுக்காகவும் அவர்களுக்காக அலையும் உறவினர்களுக்காகவும் இது எழுதப்படுகிறது. உயிரிழப்பு வழக்குகளின் கணக்கு வேறு வகையானது என்பதால் அதற்குள் செல்லவில்லை.

மருத்துவமனையில் செய்ய வேண்டியவை

எந்த வாகனம், எந்தத் திசையிலிருந்து, எந்த இடத்தில் மோதியது என்பதை மருத்துவரிடம் தெளிவாகச் சொல்லுங்கள். பதிவெண் தெரிந்தால் அதையும் சொல்லுங்கள். தெரியாவிட்டால் "ஒரு லாரி மோதியது" என்றாவது பதிவாக வேண்டும். வழக்கறிஞர்களும் காவலர்களும் "ஏ.ஆர். காப்பி" என்று குறிப்பிடுவது இந்த விபத்துப் பதிவேட்டின் நகலைத்தான். ஒரு மருத்துவமனையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போது இரண்டாவது இடத்திலும் பதிவு எழுதப்படும் என்பதால், இரண்டிலும் ஒரே செய்தி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

சிகிச்சைச் செலவைப் பொறுத்தவரை, 2021 டிசம்பரில் தமிழ்நாடு அரசு தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தின்கீழ் விபத்துக்குப் பிந்தைய முதல் 48 மணி நேரச் சிகிச்சை, திட்டத்தில் சேர்ந்துள்ள அரசு மற்றும் தனியார் மருத்துவமனைகளில் கட்டணமின்றி அளிக்கப்படுகிறது. மத்திய அரசும் 2025 மே மாதத்தில், விபத்து நாளிலிருந்து ஏழு நாட்களுக்கு 1.5 லட்சம் ரூபாய் வரை பணமில்லாச் சிகிச்சை தரும் திட்டத்தை அறிவித்தது. இவற்றைப் பயன்படுத்திக்கொண்டால் இழப்பீடு கேட்கும் உரிமை போய்விடுமோ என்று சிலர் அஞ்சுகிறார்கள். அந்த அச்சத்திற்கு இடமில்லை. கையிலிருந்து செலவாகாத தொகையை மருத்துவச் செலவாகக் கேட்க முடியாது என்பதோடு சரி.

மருந்துச் சீட்டுகள், அதற்குரிய பில்கள், எக்ஸ்ரே மற்றும் ஸ்கேன் படங்கள், டிஸ்சார்ஜ் சம்மரி ஆகிய அனைத்தையும் ஒரே கோப்பில் தேதி வாரியாக வைத்துக்கொள்ளுங்கள். மருந்துக் கடைகளில் இப்போது தரும் பில்களில் பெரும்பாலானவற்றின் எழுத்து சில மாதங்களில் மங்கி வெறும் வெள்ளைத் தாளாகிவிடுகிறது. ஆகையால் வாங்கிய அன்றே ஜெராக்ஸ் எடுத்து, மூலத்துடன் இணைத்து வைப்பது அவசியம். ஆட்டோ, வாடகைக் கார் செலவுக்கும், படுக்கையில் இருந்த நாட்களில் உடனிருந்து பார்த்துக்கொண்டவருக்குக் கொடுத்த கூலிக்கும் ஒரு நோட்டில் குறிப்பு எழுதி வாருங்கள்.

காவல் நிலையம்

மருத்துவமனையிலிருந்து தகவல் சென்றதும் காவலர் வந்து வாக்குமூலம் வாங்குவார். அடிபட்டவர் பேசும் நிலையில் இல்லையென்றால் விபத்தைப் பார்த்தவரோ உறவினரோ புகார் கொடுக்கலாம். எழுதியதை வாசித்துக் காட்டச் சொல்லிய பிறகே கையெழுத்திட வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடந்த விபத்துகளில் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 281, 125 ஆகிய பிரிவுகளில் வழக்குப் பதிவாகும். முதல் தகவல் அறிக்கையின் நகலைப் புகார் கொடுத்தவருக்குக் கட்டணமின்றித் தர வேண்டும் என்பது சட்டம்.

இந்தக் கட்டத்தில்தான் "ஸ்டேஷனிலேயே பேசி முடித்துவிடலாம்" என்ற யோசனை வரும். எதிர்த்தரப்பினர் பத்தாயிரமோ இருபதாயிரமோ கொடுத்து, மேல் நடவடிக்கை வேண்டாம் என்று எழுதி வாங்கிக்கொள்ளப் பார்ப்பார்கள். சிராய்ப்போடு போன காயம் என்றால் அது உங்கள் விருப்பம். எலும்பு முறிவோ தலைக்காயமோ இருந்தால், அடுத்த ஆறு மாதச் செலவு எவ்வளவு என்று மருத்துவருக்கே தெரியாத நிலையில், அப்படி எழுதிக் கொடுப்பது பெரிய தவறு என்பதே என் கருத்து.

சிகிச்சைப் பரபரப்பில் புகார் கொடுக்கச் சில நாட்கள் தாமதமாகிவிட்டாலும் கலங்க வேண்டாம். உயிரைக் காப்பாற்ற ஓடும் குடும்பத்தினர் முதலில் காவல் நிலையத்துக்கு ஓடுவார்கள் என்று எதிர்பார்க்க முடியாது என்பதை ஏற்று, நியாயமான காரணம் கூறப்படும் தாமதத்தை மட்டும் வைத்துக் கோரிக்கையைத் தள்ளக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2011இல் ரவி எதிர் பத்ரிநாராயண் வழக்கில் கூறியது. காவல்துறை அடிபட்டவர் மீதே வழக்குப் பதிந்துவிட்டாலும் கதவு மூடிவிடுவதில்லை. தவறு யாருடையது என்பதைத் தீர்ப்பாயம் தன் முன் வரும் சாட்சியங்களைக் கொண்டு தனியே முடிவு செய்யும்.

விபத்து இடத்தின் வரைபடம், பார்வை மகஜர் (இடத்தைப் பார்த்துக் காவலர் எழுதும் குறிப்பு), மோட்டார் வாகன ஆய்வாளரின் அறிக்கை, காயச் சான்றிதழ், பின்னர் குற்றப்பத்திரிகை ஆகியவை காவல் நிலையத்திலிருந்து வர வேண்டிய ஆவணங்கள். மோதிய வாகனத்தின் பதிவுச் சான்று, ஓட்டுநர் உரிமம், காப்பீட்டுப் பாலிசி ஆகியவற்றின் நகல்களையும் கேட்டு வாங்குங்கள். குற்றவியல் நீதிமன்றத்தில் ஓட்டுநர் குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டியிருந்தால் அந்த உத்தரவின் நகல் உங்களுக்கு வலுவான சான்றாகும்.

2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள விதிகளின்படி காவல்துறை 48 மணி நேரத்தில் முதல் விபத்து அறிக்கையையும், 50 நாட்களில் இடைக்கால அறிக்கையையும், 90 நாட்களில் விரிவான அறிக்கையையும் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும். அந்த விரிவான அறிக்கையையே இழப்பீட்டு மனுவாக எடுத்துக்கொள்ளவும் சட்டத்தில் வழி உண்டு. ஆனால், அதை நம்பிச் சும்மா இருந்துவிடாமல் உங்கள் மனுவை நீங்களே தாக்கல் செய்யுங்கள்.

யாரிடம் கேட்பது

மோதிய வாகனத்தின் உரிமையாளரும் அதன் காப்பீட்டு நிறுவனமும் மனுவில் எதிர்மனுதாரர்கள் ஆவர். மூன்றாம் நபர் காப்பீடு (வண்டியால் பிறருக்கு ஏற்படும் பாதிப்புக்கான காப்பீடு) இல்லாமல் வாகனம் ஓட்டுவது சட்டப்படி குற்றம் என்பதால் பெரும்பாலான வழக்குகளில் பணம் கொடுப்பது காப்பீட்டு நிறுவனமே. அரசுப் போக்குவரத்துக் கழகப் பேருந்து மோதியிருந்தால் நிலைமை வேறு. கழகமே நேரடியாகப் பணம் கட்ட வேண்டும். இரண்டு வாகனங்கள் மோதிக்கொண்டு அதில் ஒன்றில் பயணியாக இருந்தவர் காயமடைந்தால், எந்த வண்டியின் பங்கு எவ்வளவு என்று அவர் அளந்து சொல்லத் தேவையில்லை. இரண்டில் எதனிடமிருந்தும் முழுத் தொகையையும் கேட்கலாம்.

மோதிவிட்டு நிற்காமல் போன வண்டி எதுவென்று கடைசிவரை தெரியவில்லையென்றால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 161ஆம் பிரிவின்கீழ் கொடுங்காயத்துக்கு (எலும்பு முறிவு, உறுப்பு இழப்பு போன்ற கடுமையான காயம்) 50,000 ரூபாய் கிடைக்கும். இதற்குத் தீர்ப்பாயம் செல்ல வேண்டியதில்லை; விபத்து நடந்த பகுதியின் தாசில்தார் அல்லது கோட்டாட்சியரிடம் விண்ணப்பிக்க வேண்டும். பிறகு வண்டி கண்டுபிடிக்கப்பட்டு முழு இழப்பீடு கிடைத்தால் இந்தத் தொகை கழிக்கப்படும்.

வேறு எவரும் மோதாமல் தாமே சறுக்கி விழுந்தவர் தம் வண்டியின் மூன்றாம் நபர் காப்பீட்டிலிருந்து எதையும் கேட்க முடியாது. பாலிசியில் உரிமையாளர்–ஓட்டுநருக்கான 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு சேர்ந்திருந்தால், கை, கால், கண் இழப்பு போன்ற, அதில் பட்டியலிட்ட இழப்புகளுக்கு மட்டும் பணம் வரும். இந்த வேறுபாடு தெரியாமல்தான் சிலர், புரோக்கர்களின் பேச்சைக் கேட்டு, எங்கோ நின்ற ஒரு வண்டியை மோதிய வண்டியாகக் காட்டும் மோசடியில் மாட்டிக்கொள்கிறார்கள். அது இழப்பீட்டில் முடிவதற்கு மாறாகக் குற்றவழக்கில் முடியக்கூடும்.

மனுவும் அதற்கான காலமும்

தமிழ்நாட்டில் இந்த மனுவை எல்லோரும் எம்.சி.ஓ.பி. (மோட்டார் விபத்து இழப்பீட்டு மூல மனு என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்றே குறிப்பிடுவார்கள். சென்னையில் சிறு வழக்குகள் நீதிமன்றமும், மாவட்டங்களில் மாவட்ட நீதிமன்றம், சார்பு நீதிமன்றம், இதற்கெனவே அமைந்த சிறப்பு நீதிமன்றங்கள் ஆகியவையும் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயங்களாகச் செயல்படுகின்றன. விபத்து நடந்த ஊரிலோ, நீங்கள் வசிக்கும் அல்லது தொழில் செய்யும் ஊரிலோ, எதிர்மனுதாரர் இருக்கும் ஊரிலோ மனுச் செய்யலாம். கிருஷ்ணகிரி அருகே நெடுஞ்சாலையில் அடிபட்ட தூத்துக்குடிக்காரர் ஒவ்வொரு வாய்தாவுக்கும் கிருஷ்ணகிரிக்குப் போக வேண்டியதில்லை.

விபத்து நடந்த நாளிலிருந்து ஆறு மாதங்களுக்குள் மனுச் செய்ய வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 166ஆம் பிரிவு, 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் கூறுகிறது. இது 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் பல ஆண்டுகளாகக் கால வரம்பே இல்லாமல் இருந்ததால், பழைய பழக்கத்தில் "எப்போது வேண்டுமானாலும் போடலாம்" என்று சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இந்த வரம்பு செல்லுமா என்ற கேள்வி உச்ச நீதிமன்றம் வரை சென்றிருக்கிறது என்றாலும், அதன் விடையை நம்பி உங்கள் வழக்கைப் பணயம் வைக்காதீர்கள். மனுத் தாக்கலின்போது சிகிச்சை முடிந்திருக்கவோ ஊனச் சான்று கையில் இருக்கவோ வேண்டிய கட்டாயமில்லை. அவற்றைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம்.

இரண்டு பாதைகளில் எதைத் தேர்வது என்பதும் இங்கே எழும். 164ஆம் பிரிவின்படி, யார் தவறு என்று நிரூபிக்காமலே கொடுங்காயத்துக்கு 2.5 லட்சம் ரூபாய் பெறலாம். 166ஆம் பிரிவில் எதிர்த்தரப்பின் கவனக்குறைவை நிரூபிக்க வேண்டும். ஆனால், தொகைக்கு உச்சவரம்பு இல்லை. 164இன்கீழ்த் தரப்படும் தொகையை ஏற்றுக்கொண்டால் 166இன்கீழ் உள்ள மனு காலாவதியாகிவிடும் என்று சட்டம் சொல்வதால், காப்பீட்டு நிறுவன அதிகாரி முன்கூட்டியே ஒரு தொகையைக் கொடுக்க முன்வந்தால், அது எந்தப் பிரிவின்கீழ் என்று எழுத்தில் கேட்டறிந்த பிறகே சம்மதம் சொல்லுங்கள்.

வழக்கறிஞரை நியமிக்கும்போது கட்டணத்தை முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். கிடைக்கும் இழப்பீட்டில் இத்தனை விழுக்காடு என்று பங்கு பேசுவதை இந்திய பார் கவுன்சில் விதிகள் தடை செய்கின்றன. ஆனாலும் மருத்துவமனை வார்டுக்கே வந்து வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்கும் இடைத்தரகர்கள் உண்டு. அவர்களிடம் ஆதார் நகலைக்கூடக் கொடுக்காதீர்கள். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், வருமானம் குறைந்தவர்கள் ஆகியோர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு வழியாக இலவச வழக்கறிஞரைப் பெறலாம். அதற்கான தொலைபேசி எண் 15100.

தொகை எப்படிக் கணக்கிடப்படுகிறது

புதிதாக வருபவர்கள் அதிகம் குழம்பும் இடம் இதுதான் என்பதால் சற்று நின்று பார்ப்போம். உச்ச நீதிமன்றம் 2010இல் ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் காயத்துக்கான இழப்பீட்டுத் தலைப்புகளைத் தெளிவாக வகுத்தது. மருத்துவச் செலவு, போக்குவரத்து, சத்துணவு ஆகியவை ஒருபுறம். சிகிச்சைக் காலத்தில் இழந்த வருமானம், நிரந்தர ஊனத்தால் இனி இழக்கப்போகும் வருமானம், வருங்காலச் சிகிச்சைச் செலவு ஆகியவை மற்றொருபுறம். இவை போக, வலியும் வேதனையும், வாழ்க்கை வசதிகளின் இழப்பு, திருமண வாய்ப்பு இழப்பு, ஆயுள் குறைவு ஆகியவற்றுக்கும் தொகை உண்டு. சாதாரணக் காயங்களில் செலவு, சிகிச்சைக் கால வருமானம், வலி வேதனை ஆகியவற்றோடு கணக்கு முடிந்துவிடும்.

அந்தத் தீர்ப்பின் உயிர்நாடி, உடலின் ஊனமும் சம்பாத்தியத்தின் ஊனமும் ஒன்றல்ல என்பதுதான். இடது கையை இழந்தவர் ஓட்டுநராகவோ தச்சராகவோ இருந்தால் அவர் பிழைப்பு ஏறக்குறைய முழுவதும் போய்விடுகிறது; அதே கையை இழந்த எழுத்தர் தம் வேலையில் தொடரக்கூடும். ஆகவே மருத்துவர் "40 விழுக்காடு ஊனம்" என்று சான்றளித்தால் உங்களுக்கு 40 விழுக்காடு வருமான இழப்பு என்று தீர்ப்பாயம் எடுத்துக்கொள்ளாது. நீங்கள் என்ன வேலை செய்தீர்கள், அதில் எந்தெந்தச் செயல்களை இப்போது செய்ய முடியவில்லை, வேறு வேலைக்கு மாற முடியுமா என்று பார்த்து, செயல்பாட்டு ஊனம் எவ்வளவு என்று அது தனியே முடிவு செய்யும். இது உங்களுக்குச் சாதகமாகவும் அமையலாம். கால் ஒன்றை இழந்த கர்நாடகக் காய்கறி வியாபாரி ஒருவருக்கு, உச்ச நீதிமன்றம் 2014இல் செயல்பாட்டு ஊனத்தை 85 விழுக்காடாக உயர்த்தியது.

ஒரு கற்பனை எடுத்துக்காட்டு. 34 வயதுக் கொத்தனார் ஒருவரின் மாத வருமானம் 18,000 ரூபாய் என்று தீர்ப்பாயம் ஏற்கிறது. 2017ஆம் ஆண்டின் பிரணய் சேத்தி தீர்ப்பின்படி, 40 வயதுக்கு உட்பட்ட சுயதொழில் செய்வோருக்கு வருங்கால உயர்வாக 40 விழுக்காடு சேர்க்கப்படும். நிரந்தர ஊனமுள்ள காய வழக்குகளுக்கும் இது பொருந்தும் என்று 2020இல் உறுதி செய்யப்பட்டது. ஆகவே மாதம் 25,200, ஆண்டுக்கு 3,02,400 ரூபாய். 2009ஆம் ஆண்டின் சர்லா வர்மா தீர்ப்பிலுள்ள அட்டவணைப்படி 31 முதல் 35 வயது வரை பெருக்கும் எண் (ஆண்டு வருமானத்தை வயதுக்கேற்பப் பெருக்கும் எண்) 16. பெருக்கினால் 48,38,400 ரூபாய். முழங்கால் மடங்காததால் சாரம் ஏற முடியாத அவருக்குச் செயல்பாட்டு ஊனம் 30 விழுக்காடு என்று முடிவானால், வருங்கால வருமான இழப்பு 14,51,520 ரூபாய். மற்றத் தலைப்புகளின் தொகை இதன்மேல் சேரும். உயிரிழப்பு வழக்குகளில் சொந்தச் செலவுக்கெனக் கழிக்கும் பகுதி காய வழக்குகளில் கழிக்கப்படுவதில்லை. அதே முழங்கால், கடையில் உட்கார்ந்து கணக்கெழுதுபவருக்கு என்றால் பெருக்கல் கணக்கே வராமல், ஊனத்தின் ஒவ்வொரு விழுக்காட்டுக்கும் இத்தனை ரூபாய் என்று மொத்தமாகக் கொடுத்து முடிப்பதும் உண்டு. நம் மாநிலத் தீர்ப்பாயங்களில் இது நெடுநாள் வழக்கம்.

இதிலிருந்து, நீங்கள் எதற்குச் சான்று தேட வேண்டும் என்பது புரியும். மாதச் சம்பளக்காரர் சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு அறிக்கை, விடுப்புச் சான்று ஆகியவற்றைத் தாக்கல் செய்து, முடிந்தால் அலுவலகத்திலிருந்து ஒருவரைச் சாட்சியாக அழைக்க வேண்டும். கூலித் தொழிலாளிக்கு நல வாரிய அட்டை, வருமானத்தை நிரூபிக்காவிட்டாலும் தொழிலை நிரூபிக்கும். எந்தச் சான்றும் இல்லாத நிலையில் தீர்ப்பாயம் ஒரு தொகையைத் தானே மதிப்பிட்டுக்கொள்ளும். அது பெரும்பாலும் உண்மை வருமானத்தைவிடக் குறைவாகத்தான் இருக்கும். இல்லத்தரசியின் உழைப்புக்கும் பண மதிப்பு உண்டு என்பதை உச்ச நீதிமன்றம் பலமுறை வலியுறுத்தியுள்ளது. ஆகவே மனுவில் "வேலை எதுவுமில்லை" என்று எழுத அனுமதிக்காதீர்கள்.

ஊனத்தைப் பொறுத்தவரை, சிகிச்சை அளித்த மருத்துவரின் சாட்சியம் அல்லது அரசு மருத்துவமனை மருத்துவக் குழுவின் சான்று மதிப்புள்ளது. உங்களை ஒருமுறை மட்டும் பார்த்துத் தாராளமாக விழுக்காடு எழுதித் தரும் மருத்துவரின் சான்று குறுக்கு விசாரணையில் எளிதில் உடையும். எலும்பில் வைத்த பிளேட்டையோ ராடையோ எடுக்க இன்னொரு அறுவை சிகிச்சை தேவையென்றால், அதற்கான செலவு மதிப்பீட்டை எழுத்தில் வாங்குங்கள். தீர்ப்பு வந்த பிறகு அந்தச் செலவைக் கேட்டுத் திரும்பி வர முடியாது.

விசாரணையில் வரும் எதிர்ப்புகள்

குற்றவழக்கில் போலச் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்கும் சுமை இங்கே இல்லை. எது நடந்திருக்க அதிக வாய்ப்புண்டு என்று காட்டினால் போதும். காப்பீட்டுத் தரப்பு, ஓட்டுநரிடம் உரிமம் இல்லை, உங்களிடமும் தவறு உண்டு, வருமானம் மிகைப்படுத்தப்பட்டது என்று மூன்று பக்கமிருந்து தாக்கும். உரிமம் இல்லாதது பெரும்பாலும் நிறுவனத்துக்கும் வண்டி உரிமையாளருக்கும் இடையிலான பிரச்சினை. அத்தகைய நிலையில் முதலில் உங்களுக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளுமாறு உத்தரவிடும் முறை 2004ஆம் ஆண்டின் ஸ்வரண் சிங் தீர்ப்புக்குப் பின் நிலைபெற்றுவிட்டது. உங்கள் தவறு என்ற வாதத்தில், மீறலுக்கும் விபத்துக்கும் தொடர்பு இருக்கிறதா என்பதே கேள்வி. பைக்கில் மூவர் சென்றது சட்ட மீறல்தான் என்றாலும், அதனால்தான் விபத்து நடந்தது அல்லது காயம் கூடியது என்று காட்டாமல், அதை மட்டும் வைத்து இழப்பீட்டைக் குறைக்க முடியாது என்று 2020இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

சாட்சிக் கூண்டில் ஏறும்போது, நடக்க முடிந்தால் நடக்க முடிகிறது என்றே சொல்லுங்கள். முழுவதும் முடங்கிவிட்டதாகச் சொன்னவர் வண்டி ஓட்டும் படம் ஒன்று எதிர்த்தரப்பிடம் இருந்தால், உண்மையான வலிக்குக் கிடைக்க வேண்டிய பணமும் போய்விடும்.

சமரசம், தீர்ப்பு, பணம்

வழக்கு நிலுவையில் இருக்கும்போது இரு தரப்பும் பேசி முடிக்கும் மக்கள் நீதிமன்றத்துக்கு (லோக் அதாலத்) அனுப்பப்படலாம். அங்கே முடித்தால் பணம் விரைவில் வரும். ஆனால் அந்த முடிவுக்கு மேல்முறையீடு இல்லை. போவதற்கு முன், மேலே கண்ட முறையில் உங்கள் கணக்கை நீங்களே போட்டு, எந்தத் தொகைக்குக் கீழே இறங்குவதில்லை என்று வீட்டிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். சிறு காயங்களுக்கு மக்கள் நீதிமன்றம் ஏற்றது. வாழ்நாள் முழுவதும் தொடரும் ஊனத்துக்கு, அவசரப்படாமல் தீர்ப்பு வரை செல்வதையே நான் பரிந்துரைப்பேன்.

தீர்ப்பில் வட்டியும் சேர்ந்தே வரும். தமிழ்நாட்டில் மனுச் செய்த நாளிலிருந்து ஆண்டுக்கு 7.5 விழுக்காடு என்பது பொதுவாகக் காணப்படும் விகிதம். நீங்கள் கேட்ட தொகையைவிட அதிகமாக வழங்கவும் தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் உண்டு. தொகை போதாதென்றால் 90 நாட்களுக்குள், உங்கள் மாவட்டத்தைப் பொறுத்துச் சென்னை உயர் நீதிமன்றத்திலோ அதன் மதுரைக் கிளையிலோ மேல்முறையீடு செய்யலாம். வேறுபாடு ஒரு லட்சம் ரூபாய்க்குக் குறைவென்றால் அந்த வாய்ப்பு இல்லை.

உத்தரவான பணத்தை எதிர்த்தரப்பு கட்டாமல் இழுத்தடித்தால் தீர்ப்பை நிறைவேற்றித் தரக் கோரும் நிறைவேற்று மனுத் தாக்கல் செய்ய வேண்டும். பேருந்து நிலையத்தில் பயணிகளை இறக்கிவிட்டு அரசுப் பேருந்தை நீதிமன்ற ஊழியர்கள் ஜப்தி செய்ததாக நாளிதழ்களில் அவ்வப்போது வரும் செய்திகள் பெரும்பாலும் இத்தகைய மனுக்களின் விளைவே. பணம் உங்கள் பெயரிலுள்ள வங்கிக் கணக்குக்கே வர வேண்டும். ஆகவே பெயர், முதலெழுத்து ஆகியவை மனுவிலும் ஆதாரிலும் பாஸ்புக்கிலும் ஒன்றாக இருக்கின்றனவா என்று மனுத் தாக்கலின்போதே சரிபார்த்துவிடுங்கள். காயமடைந்தவர் சிறுவர் என்றால் தொகை வயது நிறையும் வரை நிரந்தர வைப்பில் இருக்கும். படிப்புக்கோ சிகிச்சைக்கோ இடையில் தேவைப்பட்டால், செலவு மதிப்பீட்டை இணைத்து அதே தீர்ப்பாயத்தில் மனுக் கொடுத்து ஒரு பகுதியை எடுக்கலாம்.